சின்ன உடம்பு, பெரிய துணி

பட்டு சாத்துவது எளிது. வெள்ளை சாத்துவதுதான் கஷ்டம். ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சித்திரைத் திருவாதிரையை ஒட்டி உடையவர் ராமானுஜருக்கு நடக்கும் உற்சவத்தில் வெள்ளை சாத்துப்படி என்று ஒரு நாள் உண்டு. காவியிலேயே பார்த்துப் பழகியவரை அன்றைக்குத் தும்பைப்பூ நிறத்தில் பார்க்கலாம். கதை ஊரறிந்தது. சோழ அரசனின் ஆட்கள் தேடி வந்தபோது, ஆசாரியனின் காவியை உடுத்திக்கொண்டு சீடர் கூரத்தாழ்வான் அரசவைக்குப் போனார். ராமானுஜர் வெள்ளை உடுத்தி மேற்கே கர்நாடகப் பக்கம் புறப்பட்டார் என்கிறது குருபரம்பரை வரலாறு. அந்த ஒரு நாளைத்தான் வருஷாவருஷம் துணியால் சொல்கிறார்கள்.

நான் அங்கே முதலில் பார்ப்பது மடிப்பை. பட்டில் ஒரு மடிப்பு பிசகினால் சரிகை காப்பாற்றிவிடும். பார்க்கிறவர் கண் பளபளப்புக்குப் போய்விடும். வெள்ளையில் மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே விழும் நிழலைத் தவிர வேறு அலங்காரம் கிடையாது. அந்த நிழல் இடுப்பிலிருந்து திருவடி வரை ஒரே அகலத்தில் இறங்கினால், சாத்தியவர் கை தேர்ந்தவர் என்று அர்த்தம். உற்சவத் திருமேனியைப் பேசிய வாயால் பொம்மையைப் பேசுவது அபசாரம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் பேச வந்தது துணியைப் பற்றி. சின்ன உருவத்தின் மேல் துணி செய்யும் அழிச்சாட்டியம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

அழிச்சாட்டியத்துக்குக் காரணம் எளிய கணக்கு. அறுபது சென்டிமீட்டர் பொம்மை ஏறக்குறைய ஆளில் மூன்றில் ஒரு பங்கு. நீளம் மூன்றில் ஒன்றானால் துணியின் பரப்பு ஒன்பதில் ஒன்றாகிறது, எடையும் அப்படியே. ஆனால் நூலின் பருமனும் விறைப்பும் துளி குறைவதில்லை. கீழே இழுக்கும் எடை போய்விட்டது, எதிர்த்து நிற்கும் விறைப்பு அப்படியே இருக்கிறது. பிறகு பாவாடை எப்படி விழும்? பக்கத்து ஊர்க் காஞ்சிப் பட்டு, மனுஷியின் மேல் அவ்வளவு கம்பீரமாக இறங்குவது, பொம்மையின் மேல் கூடாரம் போட்டு நிற்கும். அதனால்தான் சின்ன உருவத்துக்கு உடுத்தத் தெரிந்தவர்கள் புதுப்பட்டைத் தொடுவதில்லை. பாட்டியின் நைந்த புடவை, பலமுறை துவைத்த மல் துணி, வாயில் துணி என்று தேடிப் போகிறார்கள். பாவாடையின் விளிம்பு மடிப்புக்குள் சின்ன உலோக மணிகளைக் கோத்து எடை ஏற்றுகிறவர்களும் உண்டு.

நம் வீடுகளில் இந்தக் கலை மரப்பாச்சியின் மேல்தான் வளர்ந்தது. செம்மரத்தில் கடைந்த ராஜா, ராணி. கல்யாணத்தில் பெண்ணோடு வந்து, நவராத்திரிக்கு நவராத்திரி பெட்டியிலிருந்து வெளியே வரும் ஜோடி. மரப்பாச்சிக்குக் கை உடம்போடு ஒட்டியிருக்கும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே இடைவெளி சொற்பம். அதனால் ரவிக்கை என்று முழுதாகத் தைத்து மாட்ட முடியாது. முன்பக்கத்தை மட்டும் தைத்து, முதுகில் நூலால் இழுத்துக் கட்ட வேண்டும். மரம் வழுக்கும், புடவை அரைமணியில் இறங்கிவிடும். கோந்து தடவிவிட்டால் நிற்கும், ஆனால் மரத்தில் கறை போகாது. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் இடுப்பைச் சுற்றி ஒரு பருத்தி நாடாவைக் கட்டி, அதில் கொசுவத்தைச் செருகித் தைத்துவிடுவார்கள்.

கொசுவம் போடுவதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். மெல்லிய சோற்றுக் கஞ்சியில் துணியை நனைத்துப் பிழிந்து, ஈரம் அரைகுறையாக இருக்கும்போதே சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒவ்வொரு மடிப்பாக எடுத்து, மேலும் கீழும் குண்டூசி குத்தி, கனத்த புத்தகத்தின் அடியில் ராத்திரி முழுக்க வைத்துவிடுவது. காலையில் எடுத்தால் விசிறி தயார். மேல் விளிம்பில் ஓட்டுத்தையல் ஒன்று ஓட்டினால் பிறகு கலையாது. பார்டரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு சாண் உயர ராணிக்கு மூன்றங்குலப் பார்டர் வைத்தால் அவள் சரிகைக்குள் நிற்கிறாள் என்றுதான் தோன்றும். கடுகளவு பொட்டுள்ள சுங்குடி என்றால் அழகு. பொட்டு கொஞ்சம் பெரிதாகப் போனாலும் ராணி உடம்பெல்லாம் காசு ஒட்டிக்கொண்டு நிற்பாள். மரப்பொம்மைக்கு உடுத்தும் பைத்தியம் நமக்கு மட்டும் பிடித்ததில்லை. விக்டோரியா ராணி சிறுமியாக இருந்தபோது வைத்திருந்தவை 132 மரப்பொம்மைகள். அவற்றில் 32க்கு உடை தைத்தது அவரே.

மூட்டுள்ள பொம்மை வேறு ஜாதி. அது அசையும், துணியும் அதோடு அசைய வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொம்மலாட்டக்காரர்கள் இதைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். பத்துக் கிலோ வரை கனக்கும் மரப்பொம்மையின் கயிறுகள் ஆட்டுகிறவரின் தலையில் இருக்கும் வளையத்தில் தொங்கும். கைகளைக் கம்பிகள் ஆட்டும். அங்கே உடையின் முதல் வேலை மூட்டை மறைப்பது, அடுத்த வேலை மூட்டைத் தடுக்காமல் இருப்பது. மேடைத் தூரத்தில் ஜிகினாவும் மணியும் பேசினால் போதும், தையல் தெரியாது.

இன்று உலகெங்கும் சேகரிப்பவர்கள் பி.ஜே.டி. என்று சுருக்கிச் சொல்லும் பந்து மூட்டுப் பொம்மையில் அந்தத் தூரம் கிடையாது. 1999இல் ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த சூப்பர் டால்ஃபிதான் இந்த மோகத்தைத் தொடங்கிவைத்தது. ரெசினில் வார்த்த குழாய் போன்ற கைகால்கள், உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு, மாற்றக்கூடிய கண், விக். கையில் எடுத்து மூக்கருகே வைத்துப் பார்க்கிற பொருள். வனதேவதையின் அங்கி, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசவை கவுன், கிமோனோ எல்லாம் இதற்குத் தைக்கிறார்கள். சாதாரணத் தையலில் இரண்டரை மில்லிமீட்டராக இருக்கும் தையல் நீளம் இங்கே ஒன்றரைக்கு இறங்கும். ஒரகடம் பக்கத்துக் கார் ஆலைகளில் இருக்கை உறைக்குப் பயன்படும் தடித்த நூலையும் நீளத் தையலையும் நினைத்துக்கொண்டால் இதன் நேர் எதிர்ப்பக்கம் புரியும். பொம்மையின் விரல்கள் விரித்தபடி வார்க்கப்பட்டவை, மடங்காது. இறுக்கமான கைவைத்த சட்டை என்றால் மணிக்கட்டுக் கொக்கியிலிருந்து உள்ளங்கையைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டும்! அதைவிடப் பயம் சாயம். கறுப்பும் அரக்குச் சிவப்பும் ரெசினுக்குள் இறங்கினால் பொம்மை போயிற்று. தண்ணீர் தெளியும்வரை அலசி, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகே கத்தரி போடுகிறார்கள்.

இந்த அளவில் இதுவரை நடந்ததில் உச்சம் என்று நான் நினைப்பது 1945இல் பாரிஸில் நடந்தது. போர் முடியாத நேரம், துணிப் பஞ்சம். பாலன்சியாகா, லான்வன் போன்ற பெரிய தையல் நிலையங்கள் சேர்ந்து, எழுபது சென்டிமீட்டர் உயரக் கம்பி உருவங்களுக்கு அந்த வருஷத்து உடைகளைத் தைத்து லூவ்ர் வளாகத்தில் கண்காட்சி வைத்தன. பெயர் தியாத்ர் த லா மோத். உடம்பு வெறும் கம்பி, முகம்கூட வெறும் வெள்ளை வார்ப்புதான். எல்லாக் கவனமும் துணிக்கு. அந்த உருவங்கள் இப்போது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சரித்திர உடை என்றதும் நம்மவர்கள் சோழ இளவரசிக்குத் தாவுகிறார்கள். தாவட்டும். ஆனால் பஃப் கை ரவிக்கை போட்டு, முதுகில் முடிச்சும் குஞ்சலமும் தொங்கவிட்டு அதைச் சோழர் காலம் என்று சொல்வது என்ன நியாயம்? ராஜராஜன் காலம் முடிந்தது 1014இல். உடையவர் பிறந்ததாகச் சொல்லும் ஆண்டு 1017. அந்தக் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள்: ரவிக்கை கிடையாது, தொடையை ஒட்டிய ஒற்றைத் துணி, அதில் கீறிய கோடுகள், இடுப்பில் தொங்கும் மணிக்கோவை. அசலாகச் செய்வதென்றால் தையலே வேண்டாம். மெல்லிய மல்லைக் கஞ்சியில் நனைத்து உடம்போடு ஒட்டவைத்து, மார்புக்கு ஒரு கச்சை கட்டிவிட்டால் தீர்ந்தது. வெள்ளை சாத்துகிறவரைக் கூப்பிட்டால் கால்மணியில் செய்துவிடுவார்.

கடைசியாக ஒரு குறை. நல்ல வேலையெல்லாம் முடித்துவிட்டு முதுகில் வெல்க்ரோவைத் தைத்துவிடுகிறார்கள். அதன் முள் பக்கம் விக்கின் முடியையும் லேசையும் பிடித்து இழுக்கும், மெல்லிய துணியில் ஒரு மேடும் தட்டும். ஆகச் சின்னக் கொக்கி ஒன்றும், எதிரே நூலிலேயே போட்ட கண்ணியும் போதும். ரவிக்கைக்கு நம் டெய்லர்கள் காலங்காலமாகப் போடும் அதே நூல் கண்ணிதான். ஊசியை மட்டும் பத்தாம் நம்பருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.