செயின் துடைக்கும் மாலை
பங்குனி வெயில் ஏறுமுன் துறையூர், உப்பிலியபுரம் வழியாகப் புளியஞ்சோலை போய், கொல்லிமலை அடிவாரத்து ஐயாற்றில் கால் நனைக்க வேண்டுமா? முந்தின நாள் மாலையை பைக்கின் செயினுக்குக் கொடுத்துவிடுங்கள். பயணத்தைவிட இந்த வேலைதான் எனக்கு ஒரு படி மேல். செயின் கவரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தால், மணலும் கிரீஸும் கலந்த கரும்பிசுக்கு கரைந்து வழியும். அடியிலிருந்து இரும்பின் சாம்பல் மினுக்கு எட்டிப் பார்க்கும்.

துணியால் ஒற்றியெடுத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி உள்பக்கமாக எண்ணெய் விட வேண்டும். அவசரப்பட்டால் டயரில் தெறிக்கும். கரகரத்த ஓசை அடங்கி ஒரே இழையாக ஓடும்போது காதுக்கு அப்படியொரு சுகம். பிறகு நடுவில் விரலால் தூக்கிப் பார்ப்பது: 2, 3 சென்டிமீட்டர் ஆட்டம் இருந்தால் சரி. டயருக்குக் காற்றா? அதைக் காலையில் பெட்ரோல் பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம்.