விழுந்த பின் சொல்லும் சொல்

நன்னூல் உரைகளில் குழூஉக்குறிக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் வரும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த நாளிலிருந்து அந்த மூன்றாவது எடுத்துக்காட்டு என்னை விட்டதில்லை. வேடர் குடித்த கள்ளுக்கு அவர்கள் இட்ட பெயரைக் காப்பாற்றிக் கொடுத்த உரையாசிரியர்கள், அவர்களுடைய தொழிலின் நடுவில் இருக்கும் செயலுக்கு அவர்கள் இட்ட பெயரை அங்கே எழுதவில்லை. அம்பு தைத்து மான் விழுந்ததும் அந்த வேடர் வாயில் வந்த சொல் எது? 'கொன்றேன்' என்பதா?

வேட்டையாடும் சமூகங்கள் பலவற்றில் அந்த ஒரு சொல்தான் வாயில் வராது. 'வீழ்த்தினேன்', 'கிடைத்தது', 'தந்தார்கள்', 'அனுப்பி வைத்தோம்', 'அறுவடை செய்தோம்' என்று வேறு ஏதோ ஒன்று அந்த இடத்தில் வந்து நிற்கும். இவற்றையெல்லாம் குற்ற உணர்வை மூடும் திரை என்று ஒதுக்கிவிடுவது எளிது. நன்னூல் அவ்வளவு அவசரப்படுவதில்லை. நேர்ச்சொல்லை விட்டு வேறு சொல்லால் சொல்வதைத் தகுதி வழக்கு என்று பெயரிட்டு மூன்றாக வகுக்கிறது. சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்வது குழூஉக்குறி. வேட்டைச் சொற்களில் இம்மூன்றும் உண்டு. ஆனால் எது திரை, எது பொறுப்பு என்று பிரித்தறிய எனக்கு இன்னோர் அளவுகோல் தேவைப்பட்டது. அந்தச் சொல்லைச் சொன்னவர் அடுத்ததாகச் செய்தாக வேண்டிய காரியம் ஏதேனும் இருக்கிறதா என்பதே அது.

வேர்வை என்றால் இரத்தம்

குழூஉக்குறியை ஒரு முழு மொழியாகவே வளர்த்தவர்கள் ஜெர்மானிய வேட்டைக்காரர்கள். மானின் கண்ணைக் கண் என்று சொல்ல மாட்டார்கள். 'லிஹ்டர்', அதாவது விளக்குகள். முயலின் காது கரண்டி. அதன் வால் பூ. விலங்கின் உடலை விட்டு வெளியே வந்த இரத்தத்துக்கு 'ஷ்வைஸ்', வேர்வை, என்று பெயர். கொல்வதற்கு 'எர்லேகன்', கீழே கிடத்துவது என்ற பொருளிலிருந்து வந்தது. குண்டுபட்ட விலங்கு இறப்பதற்கு ஒரு வினை, நோயிலும் பனியிலும் பசியிலும் இறப்பதற்கு வேறொரு வினை. சாவு எப்படி வந்தது என்பதை வினைச்சொல்லே சொல்லிவிடும்.

இந்தப் பிளவு சட்டப் புத்தகத்திலும் தெரிகிறது. 1952-ஆம் ஆண்டின் ஜெர்மானிய வேட்டைச் சட்டம், வேட்டை என்பது தேடுதல், பின்தொடர்தல், வீழ்த்துதல், பிடித்தல் என்று வரிசைப்படுத்துகிறது. கொல்லுதல் என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. 1972-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, தக்க காரணமின்றி முதுகெலும்புள்ள விலங்கைக் கொல்பவருக்குத் தண்டனை என்று நேராகவே 'கொல்' என்கிறது. ஒரே நாட்டில், ஒரே மொழியில், வேட்டைக்காரர் வீழ்த்துகிறார், குற்றவாளி கொல்கிறார்.

இதோடு நிறுத்தினால் இது வெறும் திரைதான். ஆனால் இந்த மொழியில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த சொற்கள் வேறு. சுடுவதற்கு முன் விலங்கின் இனம், பால், வயது, உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதற்கு 'அன்ஷ்ப்ரெஹன்' என்று பெயர். சாதாரணப் பேச்சில் அந்த வினைக்கு ஒருவரை விளித்துப் பேசுதல் என்று பொருள். பின்னால் குட்டி வரும் தாயா, தனி ஆணா என்று தெரியாதவர் விசையைத் தொடக்கூடாது. குண்டுபட்டு ஓடிய விலங்கைத் தேடிப் போவதற்கும் தனிச்சொல் உண்டு. அது வேட்டைக்காரர் தட்டிக்கழிக்க முடியாத கடமை. 'வேர்வை'யின் தடம் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட நாய் இனங்கள் இருக்கின்றன. இரத்தத்துக்கு மாற்றுப் பெயர் வைத்தவர்கள் அந்த இரத்தத்தின் பின்னாலேயே நடக்கவும் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

விழுந்த விலங்கின் வாயில் ஒரு பச்சைக் கிளைத் துணுக்கை வைப்பார்கள். 'கடைசிக் கவளம்' என்பது அதன் பெயர். ஓக், பைன், ஃபர் போன்ற சில மரங்களின் கிளைதான் அதற்கு ஆகும். வாய்க்கரிசி இடும் நமக்கு இந்தச் சடங்கை விளக்க வேண்டியதில்லை. கூட்டு வேட்டை முடிந்ததும் விலங்குகளை இனவாரியாக வரிசையில் கிடத்தி, ஒவ்வோர் இனத்துக்கும் உரிய கொம்பிசையை ஊதுவார்கள். அந்த வரிசையை யாரும் தாண்டிக் கால் வைக்கக்கூடாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மரபை ஜெர்மனி முழுமைக்கும் ஒரே சட்டமாகக் கொண்டுவந்தது 1934-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம். அதன் பின்னால் நின்றவர், நாட்டின் தலைமை வேட்டை அதிகாரியாகத் தன்னை அமர்த்திக்கொண்ட நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங். மானின் வாயில் கிளை வைக்கும் நுட்பம் தெரிந்த ஆட்சி, மனிதர்களை என்ன செய்தது என்பது உலகம் அறிந்தது. சொல்லின் அழகு யாரையும் நல்லவராக்கிவிடாது. அது ஒரு கடமையை நினைவூட்டும். அவ்வளவுதான் அதன் வலிமை.

நான் இல்லை, நீயே விழுந்தாய்

வடக்குக் காடுகளில் கரடியின் உண்மைப் பெயரைச் சொல்வதே ஆபத்து. ரஷ்ய மொழியில் கரடிக்கு இன்றுள்ள பெயர் 'தேன் தின்பவன்' என்பதிலிருந்து வந்தது. பழைய பெயர் வழக்கொழிந்துவிட்டது. ஃபின்லாந்தில் 'தேன்பாதம்' என்பார்கள். சைபீரியாவின் கோலிமா ஆற்றுப் பகுதி யுகாகிர் வேட்டைக்காரர்களோடு வாழ்ந்து ஆய்வு செய்த ரானே வில்லர்ஸ்லெவ், எல்க் என்னும் பெரிய மானை அவர்கள் 'பெரியவர்' என்றும் கரடியை 'வெறுங்காலர்' என்றும் குறிப்பதைப் பதிவு செய்திருக்கிறார். கொலை பற்றிய பேச்சை விலங்கும் அதன் ஆவியும் கேட்டுவிடும் என்ற எச்சரிக்கை அது.

எலியாஸ் லோன்ரோட் தொகுத்த ஃபின்லாந்துக் காவியமான 'கலேவலா'வின் 1849-ஆம் ஆண்டுப் பதிப்பில் 46-ஆவது பாடல் ஒரு கரடி வேட்டை. விழுந்து கிடக்கும் கரடியிடம் நாயகன் வைனமொய்னன், உன்னைச் சாய்த்தது நான் இல்லை, கிளையிலிருந்து நீயே வழுக்கி விழுந்தாய் என்று சமாதானம் சொல்கிறான். பொய்தான். கேட்பவர்களுக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் பொய்க்குப் பின் ஊரே ஒரு வேலையை மேற்கொள்ள வேண்டியிருந்தது. கரடியை விருந்தாளியாக வீட்டுக்கு அழைத்து வந்து, விருந்து நடத்தி, மண்டையோட்டைக் காட்டில் ஒரு பைன் மரத்தில் ஏற்றி வைக்க வேண்டும். அந்த விருந்தின் பெயர் 'பெய்யாய்செட்'. அதன் பழைய பொருள் இழவு விருந்து. இன்றும் எல்க் வேட்டைப் பருவத்தையொட்டி ஃபின்லாந்துக் கிராமங்களில் வேட்டைக் குழுவினர் ஊராருக்கு இறைச்சி சமைத்துப் போடுகிறார்கள், அதே பெயரில்தான்.

ஜப்பானின் வடகிழக்கு மலைகளில், குறிப்பாக அகிதா மாநிலத்தில், 'மதாகி' என்ற வேட்டைக்காரர்கள் உண்டு. மலைக்குள் நுழைந்ததும் ஊர்ப்பேச்சை விட்டுவிட்டு 'மலைச்சொற்கள்' பேசுவது அவர்கள் மரபு. கரடி அங்கே 'இதாஸு'. அவர்கள் கரடியைக் கொல்வதில்லை, பிடிப்பதும் இல்லை; 'ஸஸுகாரு' என்பார்கள். மேலிடத்திலிருந்து ஒன்றைப் பணிவோடு பெறுவதைக் குறிக்கும் வினை அது. தருபவள் மலைத்தெய்வம். பெற்றவர் தோலுரிக்கும்போது அதற்குரிய சடங்கைச் செய்ய வேண்டும். இறைச்சியைக் கூட்டாளிகளுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். ஹொக்கைடோவின் ஐனு மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஊரில் வளர்த்த கரடிக்குட்டியைப் பின்னர் கொல்லும் சடங்கின் பெயர் 'இயோமாந்தே', அனுப்பி வைத்தல். தெய்வம் கரடி உடலில் விருந்துக்கு வந்தது. பரிசுகளோடு அது தன் உலகத்துக்குத் திரும்புகிறது. இந்தச் சடங்கைக் கொடுமை என்று 1955-இல் தடுத்த ஹொக்கைடோ நிர்வாகம் அந்த ஆணையை 2007-இல் விலக்கிக்கொண்டது. கரடிக்குட்டியின் வலியை நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் அந்தச் சொல், விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பாதே என்று ஊரைக் கட்டிப்போட்டிருந்தது.

விதைத்தவர் யார்?

வட அமெரிக்காவில் இன்று அரசுப் படிவங்களிலும் வேட்டைக்காரர் பேச்சிலும் ஓங்கியிருக்கும் சொல் 'ஹார்வெஸ்ட்', அறுவடை. இதன் வேரைத் தேடினால் அமெரிக்கக் காட்டுயிரியலாளர் ஆல்டோ லியோபோல்ட் வந்து நிற்பார். 1933-இல் வெளிவந்த 'கேம் மேனேஜ்மென்ட்' நூலில், நிலத்தை ஆண்டுதோறும் காட்டுவிலங்கு விளைச்சல் தரவைக்கும் கலையே வேட்டைவள மேலாண்மை என்று அவர் வரையறுத்தார். கண்மூடித்தனமான வேட்டையால் காடுகள் காலியாகியிருந்த காலம் அது. விளைச்சல் என்று சொன்னால் அளவு வரும். அளவு வந்தால் நாளைக்கும் மிஞ்சும். 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகிறது. ஆகவே, மானை விதைத்தவர் யார் என்று கேட்டால், வாழிடத்தைக் காத்த நாங்களும்தான் என்று அந்த வேட்டைக்காரர்கள் சொல்ல முடியும். அதில் நியாயம் இருக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அறுவடை என்ற சொல்லுக்குப் பின்னாலும் ஒரு கடமை உண்டு. எத்தனை, எந்தப் பாலினம் என்று படிவம் நிரப்ப வேண்டும். அந்தக் கடமை மான் கூட்டத்துக்கானது. விழுந்து கிடக்கும் அந்த ஒரு மானுக்கு அதில் இடமில்லை. நெற்கதிர் ஒவ்வொன்றையும் யாரும் கண்ணோடு கண் பார்ப்பதில்லை. இதை லியோபோல்டே உணர்ந்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் 1949-இல் வந்த கட்டுரை நூலில், இளவயதில் தாம் சுட்ட ஓர் ஓநாயின் கண்ணில் பச்சை நெருப்பு அணைவதைப் பார்த்ததை எழுதியிருக்கிறார். விளைச்சல் என்ற சொல்லை நிலைநாட்டியவரை வாழ்நாள் முழுதும் துரத்தியது ஓர் உயிரின் பார்வை.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. அமெரிக்காவின் 1973-ஆம் ஆண்டு அழிவாபத்து உயிரினச் சட்டம், துன்புறுத்துவது முதல் கொல்வது வரை எல்லாவற்றையும் 'எடுத்தல்' என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது. ஜெர்மனியில் ஓநாயைச் சுடும் விவாதத்தில் இப்போது அடிபடுவது 'எண்ட்நாமெ', வெளியே எடுத்தல். சட்டம் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கலாம். சுடும் கையும் அதையே சொன்னால், அலமாரியிலிருந்து கோப்பை எடுப்பதுபோல் ஆகிவிடுகிறது.

இரண்டு கற்கள்

ராஜஸ்தானின் பரத்பூரில், இன்றைய கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள், ஒரு கல்வெட்டு நிற்கிறது. சமஸ்தான காலத்து வாத்து வேட்டைகளின் கணக்கு அது. 1938 நவம்பர் 12 அன்று, வைஸ்ராய் லின்லித்கோ வந்திருந்தபோது, ஒரே நாளில் 4,273 பறவைகள். ஆங்கிலேயரின் வேட்டைப் பேச்சில் சுட்டு விழுந்தவை 'பை'; சுட்டவர்கள் 'துப்பாக்கிகள்'. அந்தச் சொற்களில் பறவையும் இல்லை, மனிதரும் இல்லை. எண் மட்டும் இருக்கிறது.

நம் ஊர்களில் வேறொரு கல் உண்டு: புலிக்குத்திக் கல். புலியோடு பொருதி மாண்டவருக்கு எடுத்த நடுகல். அதில் புலியும் ஆளும் நேருக்கு நேர் நிற்பார்கள். குத்தியது பெயரிலேயே இருக்கிறது. நடுகற்களில் செத்தவரைப் 'பட்டான்' என்று பொறிப்பது மரபு. கடற்கரையில் இன்றும் வலையில் மீன் 'பட்டது' என்கிறோம். பிடிபட்ட அளவு 'மீன்பாடு'. வீரனுக்கும் மீனுக்கும் தமிழ் ஒரே வினையைத் தந்திருக்கிறது. சேக்கிழார் கண்ணப்பர் வரலாற்றில் வேடரின் பெருவேட்டையைப் பாடும்போதும், யானைக் கன்றைத் துரத்தாத, குருளைகளைக் கொல்லாத, சினைப் பிணையை அலைக்கழிக்காத வேடர்களையே காட்டுகிறார். வள்ளுவர் எந்த மாற்றுச் சொல்லையும் நாடவில்லை. கொலையைக் கொலை என்றார், புலாலை இன்னோர் உடலின் புண் என்றார்.

நான் வேட்டைக்குப் போனவன் அல்ல, கறி தின்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் 'கறி எடுத்துட்டு வர்றேன்' என்று பையோடு கிளம்புகிறவன். எடுக்கிறோம், நம் சொல்லும் அதுவே. இழவு வீட்டு வாசலில் 'எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?' என்று தாழ்ந்த குரலில் கேட்பதும் அதே சொல்தான். அங்கே அந்தச் சொல்லுக்குப் பின் நீராட்டு உண்டு, கோடித்துணி உண்டு, வாய்க்கரிசி உண்டு. கடையில் அதற்குப் பின் சில்லறை மட்டுமே இருக்கிறது.