தீவுகளுக்கிடையே ஓர் எடைக் கணக்கு

அரசு நிறுவனமான பவன் ஹான்ஸ் அந்தமான் நிக்கோபாரில் நடத்திவரும் தீவிடை ஹெலிகாப்டர் சேவையில் சரக்குக்கெனத் தனி ஊர்தி இல்லை; பயணியும் பெட்டியும் அவசர மருந்தும் ஒரே ஊர்தியில் செல்வதால், அச்சேவையின் நயம் புறப்படுமுன் போடப்படும் எடைக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே 500 கி.மீ.க்கு மேல் தெற்கே, பெரும்பகுதி கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஆதலால் வழிக்கான எரிபொருளோடு நெருக்கடிக்கான மிகுதியையும் சுமந்தாக வேண்டும், கூட்டப்படும் ஒவ்வொரு லிட்டரும் பயணி, சரக்கு ஆகியவற்றின் எடையைக் குறிக்கும் சுமைதிறனில் ஏறத்தாழ 800 கிராமைத் தின்றுவிடும். எஞ்சியதையும் விரும்பியவாறு அடுக்க இயலாது; மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிவதாகக் கொள்ளப்படும் ஈர்ப்பு மையம், மேலே சுழலும் இறக்கைகளின் தண்டுக்கு அருகே குறுகிய எல்லைக்குள் நின்றாக வேண்டும். ஆகவே மூட்டையோடு மனிதரும் எடை பார்க்கப்படுகின்றனர்; தராசு பதவியைக் கேட்பதில்லை என்பது அதன் தனியழகு. சுமைதிறன் இவ்வளவு குறுகியதால் அரிசியும் சிமென்டும் கப்பலுக்குரியவை. தொலைதீவில் நோயாளி ஒருவர் காத்திருந்தாலோ, முன்பதிவு செய்த பயணியும் இருக்கையை விட்டுக்கொடுக்க நேரும்.