டப்பாவுக்குள் ஓர் ஆயுள்

முட்டையிலிருந்து வந்து சில நாளே ஆன கார்ன் ஸ்நேக் குட்டி பென்சில் பருமன்தான் இருக்கும். கண்ணாடித் தொட்டியில் விட்டால், மூடியின் விளிம்பு நெடுக மூக்கால் தடவி இடுக்குத் தேடும். தலை நுழைந்தால் போதும், உடலும் போய்விடும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாம்பு வளர்ப்பவர்கள் பலர், துணிமணி போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியதற்கு விலை ஒரு காரணம் என்றால், இந்த மூக்கு இன்னொன்று.

இருபுறமும் கொக்கி விழும் மூடியை அற்பமாக நினைக்கக் கூடாது. கிரான் கனேரியா தீவில் வளர்ப்பிலிருந்து வெளியேறிப் பெருகிய கலிபோர்னியா கிங்ஸ்நேக், அந்தத் தீவுக்கே உரிய பெரும்பல்லியைத் தின்று தீர்த்துவருகிறது.

டப்பாவின் பெரிய பலம் ஈரப்பதம். வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் விளக்குச் சூட்டில் காற்று காய்ந்துவிடும். பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பின் சட்டை துண்டு துண்டாக உரியும், கண்மேல் தோல் ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் ஈரம் தங்குவதால் சட்டை மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே உறையாகக் கழலும். காற்றுத் துளைகளைச் சாலிடரிங் அயனால் உள்ளிருந்து வெளிப்புறமாகப் போட வேண்டும். உருகிய பிளாஸ்டிக்கின் கூர் உள்ளே நின்றால் மூக்கைக் கிழிக்கும். ஒரு ஓரத்துக்கு மட்டும் வெப்பப் பாய், அதற்குத் தெர்மோஸ்டாட். எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது, வயிறு வெந்துபோகும்.

இதுவரை டப்பாவின் பக்கமே நிற்கிறேன். ஆனால் வளர்ந்த பாம்பை, ஒரு சாண் உயரம்கூட இல்லாத டப்பாவில், அலமாரி இழுப்பறைபோல அடுக்கி ஆயுள் முழுக்க வைப்பதை ஏற்க முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பால் பைத்தான் எலி வளையிலும் கறையான் புற்றிலும்தானே கிடக்கிறது என்பார்கள். அது பாதி உண்மை. தென்கிழக்கு நைஜீரியாவில் லுயிசெல்லி, ஆஞ்செலிச்சி என்ற ஆய்வாளர்கள் செய்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய ஆண் பாம்புகள் மரமேறுவதும் பறவைகளை அதிகம் தின்பதும் தெரிந்தது. புற்று அதற்குப் படுக்கையறை. நாம் படுக்கையறையை மட்டும் கொடுத்துவிட்டு வீடு என்கிறோம். 2019-இல் வார்விக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 65 பாம்புகளைத் தலா ஒரு மணி நேரம் கவனித்தபோது, மூன்றில் ஒன்றுக்கும் மேல் உடலை நேராகவோ கிட்டத்தட்ட நேராகவோ நீட்டின. டப்பாவில் அதற்கு இடமேது?

‘நன்றாகத் தின்கிறது, முட்டையும் இடுகிறது, வேறென்ன வேண்டும்’ என்ற வாதம் எனக்கு வலிக்கிறது. கம்பிக் கூண்டுக் கோழியும் தின்கிறது, முட்டையும் இடுகிறது.

நம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட, பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளை மண்பானையில், துணி கட்டித்தான் வைக்கிறது. பானை டப்பாவைவிடச் சிறியது. ஆனால் ஏறக்குறைய நான்கு வாரத்தில் விஷம் எடுத்து முடித்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். பால் பைத்தானோ வளர்ப்பில் இருபது, முப்பது ஆண்டு வாழும்.

குட்டி நம்பிக்கையாக இரை எடுக்கும்வரை, புதிதாக வந்த பாம்பைத் தனிமைப்படுத்தும்போது, நோயில் கிடக்கும்போது டப்பாவைவிட நல்ல இடமில்லை. அதன்பின் 1.2 மீட்டர் பாம்புக்கு 1.2 மீட்டர் நீளப் பெட்டி, ஏற ஒரு கிளை, சூட்டுப் பக்கம் ஒன்றும் குளிர்ப் பக்கம் ஒன்றுமாக இரண்டு மறைவிடம். மூடியில் அதே கொக்கி.