விழா இசையும் விருந்தோம்பலும்

விளையாட்டிற்கென்றே ஒரு பறையை வைத்திருந்தவர் நம் முன்னோர். முல்லை நிலத்துப் பறையை உரையாசிரியர்கள் ஏறுகோட்பறை என்பர். ஆதலின், உலக விளையாட்டு விழாக்களுக்குத் தனியே இசை அமைப்பது மேனாட்டார் கற்றுத்தந்த புதுமை என்று நாம் மலைக்க வேண்டுவதில்லை. அவ்விசை யாரை நோக்கி நிற்கிறது என்பதே ஆராயத்தக்கது.

புதுதில்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கு இத்தகைய இசையை இருமுறை கேட்டது. 1982 நவம்பர் 19 அன்று ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கியபோது ஒலித்தது, பண்டிட் நரேந்திர சர்மா எழுதிப் பண்டிட் ரவிசங்கர் இசையமைத்த ‘ஸ்வாகதம்’. நாம் அப்போது தொட்டிற் பருவத்தினர். பின்னாளில் பதிவில் கேட்டே அறிந்தோம். பலர் கூடிப் பாட, வரவேற்பு மொழியே திரும்பத் திரும்ப வருகிறது. வடசொல் என்று அதனை ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. ஆனால் சித்தூரிலும் திருப்பதியிலும் நுழைவாயில் வளைவுகளிலும் திருமணப் பந்தல் முகப்பிலும் நாம் நாளும் காணும் தெலுங்குச் சொல்லன்றோ அது! நம் அண்டை வீட்டார்க்கு அது வீட்டுச் சொல். பல மொழியினர் தமதென்று கொள்ளத்தக்க ஒரு சொல்லைத் தேர்ந்ததிலேயே அப்பாட்டு பாதி வெற்றி பெற்றுவிட்டது.

2010 அக்டோபரில் அதே அரங்கில் காமன்வெல்த் போட்டிகள். இம்முறை இசை ஏ. ஆர். ரகுமானுடையது. ஆகஸ்டில் பாட்டு வெளிவந்ததுமே ஏமாற்றக் குரல்கள் எழுந்தன. நம் அலுவலகத் தெலுங்கு நண்பர் ஒருவர் “மீ ரஹ்மான்” என்று நம்மைச் சீண்டினார். தமிழர் என்ற ஒரே காரணத்தால் நாமும் உணவு இடைவேளை முழுவதும் வாதாடினோம். அது திறனாய்வன்று, இனப்பற்று என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். அவ்வாண்டுக் கால்பந்து உலகக் கோப்பைக்கு ஷகீரா பாடிய பாட்டின் துள்ளல் இதில் இல்லை என்று குறை கூறியோரும் நோயைச் சரியாகக் கண்டாரல்லர். குறை துள்ளலில் இல்லை. நண்பர்களே, இந்தியா அழைத்துவிட்டது என்பது பாட்டில் வரும் அடி. விருந்தினர் வாயிலில் நிற்க, அழைத்தவன் தன் பெயரையே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாமா?

சொல்லே வேண்டாம் என்பாரும் உளர். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிற்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த எக்காள முழக்கத்தில் சொல் இல்லை. தஞ்சைப் பக்கத்துக் கோயில்களில் இறைவன் புறப்பாட்டின்போது நாகசுரத்தில் எழும் மல்லாரிக்கும் சாகித்தியம் கிடையாது. ஆயினும் தெருக்கோடியில் நிற்பவனும் அதைக் கேட்டதும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறான். இவ்வழியை நம் விழாக் குழுவினர் ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை.

2022இல் மாமல்லபுரத்தில் 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. 180க்கு மேற்பட்ட நாட்டினர் வந்தனர். மூச்சொலியும் இரைச்சலாகத் தோன்றும் ஆட்டத்திற்கு ஆரவாரப் பாட்டு ஏன் என்று முதலில் ஐயுற்றோம். மீண்டும் ரகுமானே இசையமைத்தார். காட்சியில் நேப்பியர் பாலம் சதுரங்கக் கட்டங்களாய்க் கறுப்பும் வெள்ளையும் பூண்டு நின்றது. இசையளவில் இது அவருடைய சிறந்த படைப்பன்று. தாளம் நெஞ்சில் தங்கும் அளவிற்கு மெட்டுத் தங்கவில்லை. ஆனால் இப்பாட்டு முன்வைத்த சொல் ‘வணக்கம்’. கை குவித்து விருந்தினர் முகம் பார்க்கும் சொல்.

பழைய நண்பரிடம் அதைப் போட்டுக் காட்டினோம். வாதாட ஆயத்தமாகவே இருந்தோம். அவர் பொருள் வினவவில்லை. “நமஸ்காரமண்டி” என்று கை குவித்துச் சிரித்துவிட்டுத் தம் கோப்பிற்குத் திரும்பினார்.