இழைத்த தேக்கும் மடித்த துருத்தியும்

கீர்த்தி நகர் மரக்கடைகளில் தேக்கு, சாவ்ரி பஜாரில் பித்தளைக் கீலும் திருகும், சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி சந்தில் பழைய லென்ஸ். வீட்டிலேயே பெரிய ஃபிலிம் கேமரா செய்ய டெல்லி தோதான ஊர். அந்த வேலையில் ரசிக்கவேண்டியது, லென்ஸையும் பின்புறத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி. இரண்டு கறுப்புத் துணிகளுக்கு நடுவே அட்டைப் பட்டைகளை ஒட்டி, ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் நீவி எடுக்கவேண்டும். இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்து, ஊசிமுனை வெளிச்சம் கசிந்தாலும் அடைக்கவேண்டும்.

பிம்பம் விழும் பின்புறக் கண்ணாடியைக் கார்போரண்டம் தூளும் நீரும் விட்டுத் தேய்க்கையில் முதலில் கரகரவென்று சத்தம். தூள் நையநைய அது சன்னமாகி, கண்ணாடி பாலாடைபோல் மங்கும். கேமராவை மூடிய போர்வைக்குள் தலையை விட்டால், நாலுக்கு ஐந்து அங்குலத்தில் ஹுமாயூன் கல்லறை தலைகீழாக நிற்கும். மரப்பெட்டியின் மூலைகளில் சின்னக் கோணல் இருக்கலாம். வெளிச்சம் கசியாமல், லென்ஸுக்கு நேராக ஃபிலிம் நின்றால் அது நல்ல கேமராதான்.