காலுக்கு வேலை வைக்கும் காலணி

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் காலணிகளின் தரம் சட்டென்று வெளிப்பட்டுவிடும். கொடைக்கானலின் 2,100 மீட்டர் உயரத்தில் தொடங்கி, பெரியகுளத்தை ஒட்டிய அடிவாரம்வரை பெரும்பாலும் இறக்கம்தான். மேலே சோலைக்காட்டின் ஈர வேர்கள், நடுவில் காலடியில் உருளும் சரளை, கீழே வெயிலில் காய்ந்த பாறை. நெடுங்காலம் சாலையே இல்லாமல் வாழ்ந்த வெள்ளகவி மக்கள் இந்தப் பாதையில்தான் அரிசி மூட்டையையும் விளைச்சலையும் சுமந்து நடந்தார்கள். ஊர் எல்லைக்குள் அவர்கள் செருப்பே அணிவதில்லை. வெளியே போனாலும் ரப்பர் செருப்புதான். கணுக்காலை மூடும் விலையுயர்ந்த பூட்ஸோடு வரும் வெளியூர்க்காரரோ அதே சரிவில் குச்சியை ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, தடுமாறித் தடுமாறி இறங்குகிறார். பணம் அதிகம் கொடுத்து வாங்கிய காலணி நடையை நன்றாக்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த முரணுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். என் விளக்கம் இது: நல்ல மலைக் காலணி காலின் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளாது. அணிபவரின் கால் இன்று செய்ய முடிந்த வேலையைக் காலிடமே விட்டுவிட்டு, முடியாததை மட்டும் ஏற்றுக்கொள்ளும்.

இதை உலகில் மிகத் தெளிவாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் பூட்ஸ் செய்கிறவர்கள். பனித்தளத்தில் தாவிச் சுழலும் அந்தக் கலையில் பூட்ஸின் விறைப்பு ஆடுபவரின் தாவலுக்கு ஏற்பத் தரம் பிரிக்கப்படுகிறது: ஒற்றைச் சுழலுக்கு ஒரு விறைப்பு, இரட்டைக்கு இன்னொன்று, மும்மைச் சுழலுக்கு அதைவிடக் கூடுதல். தாவி இறங்கும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை ஒற்றைக் காலில் விழுவதால் மேல்மட்ட வீரருக்கு அந்த விறைப்பு தேவை. அதையே ஒரு தொடக்கநிலைச் சிறுமிக்குப் போட்டுவிட்டால் அவளால் கணுக்காலை மடக்க முடியாது. கணுக்கால் மடங்காமல் முழங்கால் சரியாக மடங்காது. முழங்கால் மடங்காமல், பூட்ஸின் அடியிலுள்ள தகட்டின் விளிம்பில் உடலைச் சாய்க்கக் கற்க முடியாது. உயர்ந்த பூட்ஸே அவளைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறது. தகட்டிலும் இதே கணக்குதான். அடியில் குழிவாகத் தீட்டும்போது பள்ளம் ஆழமானால் விளிம்பு பனியை நன்றாகக் கவ்வும், ஆனால் வழுக்கிச் செல்லும் ஓட்டம் குறையும். எவ்வளவு கவ்வல் வேண்டும் என்பதை ஆடுபவரின் எடையும் பழக்கமுமே தீர்மானிக்கின்றன. மலையேற்றக் காலணி விற்கும் கடைகளில் மட்டும் ஏனோ இந்தத் தெளிவு இல்லை. அங்கே கனமானதும் உயரமானதும் விறைப்பானதும் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது.

கணுக்கால் பிசகாதா என்பது உடனே வரும் மறுப்பு. நியாயமான கேள்விதான். உயரமான காலணி பிசகைத் தடுக்கும் என்பது கேட்கப் பொருத்தமாக இருந்தாலும் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. 622 கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வைத்து நடத்தி 1993இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், உயரக் காலணி அணிந்தவர்களுக்கும் தாழ்ந்த காலணி அணிந்தவர்களுக்கும் இடையே கணுக்கால் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கூடைப்பந்துத் தளம் வேறு, மலைச்சரிவு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: எடை. காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஐந்தாறு கிலோவுக்கு ஈடாக உடலின் ஆற்றலைக் குடிக்கிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். முதுகுச் சுமை உடலோடு நகர்கிறது. காலின் சுமையையோ ஒவ்வொரு அடியிலும் தூக்கி, வீசி, நிறுத்த வேண்டியிருக்கிறது, கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை. பிற்பகலில் கால் பிசகுவதில் பெரும்பங்கு களைப்புக்கு உண்டு. களைப்பைக் கூட்டும் காலணியைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து கிலோ மூட்டையோடு பாதையில்லாப் பாறைக்காட்டைக் கடப்பவருக்கும், இமயப் பனியில் காலணியின் அடியில் கிராம்பான் முட்களை மாட்டி ஏறுபவருக்கும் விறைத்த பூட்ஸ் கட்டாயம் வேண்டும். கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலைக்குத் தண்ணீர்ப் புட்டியோடு காலையில் ஏறி மதியம் இறங்குபவருக்கு வேண்டாம்.

அப்படியானால் வெறுங்காலே போதுமே என்று மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் எழும். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிவரை செருப்பில்லாமல் நடந்துபோகிறவர்களைச் சுட்டிக்காட்டுவார்கள். அந்த நடையின் மேன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது நேர்ந்துகொண்டு நடக்கும் நடை, கொப்புளமும் வலியும் அதில் காணிக்கையின் பகுதி. வெள்ளகவிக்காரரின் பாதமோ பிறந்தது முதல் இந்தச் சரிவில் பழகியது. விரல்கள் விரிந்து, தோல் தடித்து, கல்லின் அசைவை உள்ளங்கால் முன்கூட்டியே உணரும். அலுவலக ஷூவுக்குள் முப்பது ஆண்டு ஒடுங்கிய பாதம் ஒரு வார இறுதியில் அதைப் பெற்றுவிடாது. காலணி அந்த இடைவெளிக்குத்தான். இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுவதால் காலணியும் மாற வேண்டும்.

இனி கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒரு ஷூவின் குதிகாலை ஒரு கையிலும் நுனியை மறு கையிலும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் அது மடங்க வேண்டும். நட்டநடுவில் மடங்கினால் பாதத்தின் வளைவுக்குத் தாங்கல் இல்லை. எங்குமே மடங்காவிட்டால் அது உங்களுக்கான பாதைக்குச் செய்யப்பட்டதல்ல. பிறகு சோலைத் திருப்புங்கள். 1935இல் ஆல்ப்ஸ் மலைப் பயணமொன்றில் ஆறு தோழர்களை இழந்த விட்டாலே பிரமானி, ஆணியடித்த தோல் சோலுக்கு மாற்றாக 1937இல் ரப்பர்ப் பற்கள் கொண்ட சோலை உருவாக்கினார். அவர் பெயரின் முதல் எழுத்துகளில் பிறந்ததுதான் விப்ரம் என்ற சோலின் பெயர். அந்தப் பற்களுக்கு இடையே விரிந்த இடைவெளி இருந்தால்தான் வடகிழக்குப் பருவமழையின் களிமண் ஒட்டிக்கொண்டு வராமல் உதிரும். மென்மையான ரப்பர் ஈரப்பாறையைப் பிடிக்கும், விரைவில் தேயும். கடினமானது நீண்ட நாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். கொடைக்கானலில் நடக்க நான் தேய்வதையே தேர்ந்தெடுப்பேன். பைன் தோட்டத்தில் உதிர்ந்த ஊசியிலைப் படுகையில் எந்தப் பல்லும் பிடிக்காது, ஏனென்றால் வழுக்குவது இலையின்மேல் இலை. அங்கே காப்பாற்றுவது குறுகிய அடியும் மடங்கிய முழங்காலும்தான். மேல்தோலுக்கும் இந்த மலைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தொழில் நமக்குப் பழக்கமானது, திண்டுக்கல் அதில் பெயர்பெற்ற ஊர். பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலிய வாட்டில் மரங்கள் பழனி மலைப் புல்வெளிகளில் நடப்பட்டன. அவை பரவி, புல்வெளிகளை விழுங்கியது தோல் தொழிலின் கணக்கில் எழுதப்படாத விலை. எண்ணெய் ஊறிய முழுத்தோல் பூட்ஸின் அழகை ரசிக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

முதல் முறை வருகிறவருக்கு வளையும் சோலும் நல்ல பற்களும் கொண்ட தாழ்ந்த ஷூ போதும். நீர்புகாச் சவ்வு வைத்ததை மழைக்காலத்துக்கென்று வாங்குவார்கள். கொட்டும் மழையில் தண்ணீர் மேல்வாய் வழியாக இறங்கிவிடும், பிறகு வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். வலைத்துணி நனைந்தாலும் நடக்க நடக்க உலரும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் அளவு பாருங்கள். கட்டைவிரலுக்கு முன்னால் விரல் அகலம் இடம் வேண்டும், இல்லையென்றால் கும்பக்கரை இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும். ஒரே தடவையாக உயர்ந்ததை வாங்கிவைத்தால் செலவு மிச்சம் என்பதும் பலிக்காது. அடிச்சோலுக்கு மேலுள்ள பாலியூரித்தேன் மெத்தை அடுக்கான மிட்சோல், பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து சில ஆண்டுகளில் பொடியத் தொடங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் விரிசல் தெரியும். அதைவிட, இரண்டு பருவம் நடந்த எளிய ஷூவின் சோலைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யலாம். குதியின் பின்விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தால் இறக்கத்தில் இன்னும் குதியை ஊன்றித்தான் நிற்கிறீர்கள், அதே வகையையே மறுபடி வாங்குங்கள். தேய்வு முன்பாதத்திலும் பரவலாக விழுந்திருந்தால், மூட்டை கனக்கும் இரண்டு நாள் நடைக்கான கெட்டியான சோலைக் கேட்கலாம்.